ஒன்றா, இரண்டா

ஒரு நாளில் முப்பது தடவையாவது கேட்பேன்:
"ஒன்று தெளிவா, இரண்டு தெளிவா?"
இருட்டறை, உயரமான நாற்காலி,
மூக்கின் மேல் கனக்கும் சோதனைச் சட்டம்.
க்ளிக். ஒரு வில்லை. க்ளிக். இன்னொன்று.
பஸ் ஓட்டும் யமாந்தூவுக்கு ஒவ்வொரு வருடமும் வியர்க்கும்.
"தப்பாகச் சொல்லிவிட்டால், டாக்டர்?"
நான் டாக்டர் இல்லை.
தப்பான பதில் என்று ஒன்று கிடையாது என்பேன்.
இந்தப் பொய்யைச் சொல்லியே
இருபத்திரண்டு வருடமாக
மோண்டேவீடியோவில் ஒரு பேட்டை முழுவதையும்
செய்தித்தாள் படிக்க வைத்திருக்கிறேன்.

இப்போது நாற்காலியில் நான்.

துறைமுகத்தில் அனீபல் பழுது பார்த்த கிரேன்களை
யாரோ வாங்கிக்கொண்டார்கள், அவனைத் தவிர.
சாப்பாட்டு மேசையில் இரண்டு கடிதங்கள்,
பறந்துவிடாமல் மேலே மாத்தே குடுவை.
வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம்.

க்ளிக்.
கோத்தன்பர்க்.
ட்ராம் சொன்ன நிமிடத்தில் வந்தது.
நிறுத்தத்தில் ஆளுக்கு ஆள் ஒரு கட்டில் அகலம் இடைவெளி,
அதற்குள் மழை மட்டும் நின்றது.
வீட்டின் மூன்று சன்னல்களிலிருந்தும் தண்ணீர் தெரிந்தது.
டிசம்பரில் மூன்றரைக்கே இருட்டிவிடும் என்று
வீடு காட்டியவள்
வாடகையைச் சொல்லும் அதே குரலில் சொன்னாள்.

க்ளிக்.
திரியெஸ்தே.
குப்பைத் தொட்டிகளில் கவிழ்ந்த குடைகள்,
செத்த வௌவால்கள் போல.
மலையிலிருந்து இறங்கிய காற்று என் சால்வையைப் பிடுங்கிக்கொண்டு
என்னையும் கொஞ்ச தூரம் இழுத்தது.
பால் பாக்கெட்டோடு வந்த ஒருத்தி
என் முழங்கையைப் பற்றி
தெருமுனை வரை கூட்டிப்போய் விட்டாள்.
முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.
லிஃப்ட் ஓடவில்லை. நாலு மாடி.
சம்பளம் மூன்றில் ஒரு பங்கு குறைவு.

ஆனால் அங்கே எனக்கு நூற்றிரண்டு காய்ச்சல்.
இங்கே காலில் புது பூட்ஸ்.
கோத்தன்பர்க்கில் நான் தடுக்கி விழவே இல்லை;
விழுந்திருந்தால் யார் கை நீட்டியிருப்பார்கள் என்பதை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?
இரண்டு ஊர்களையா ஒப்பிடுகிறோம்,
இரண்டு வியாழக்கிழமைகளை.

அனீபல் கட்டம் போட்ட தாளில் எழுதினான்.
தூக்கும் முன் எடை பார்த்தே பழகியவன்.
வாடகை, பல் வைத்தியம், வெயில் மணிக்கணக்கு,
ஊர் திரும்ப டிக்கெட் விலை.
கோத்தன்பர்க்குக்குப் பதினொரு புள்ளி அதிகம்.
"கணக்கு அப்படிச் சொல்லுது" என்றான்.
"நான்" என்று சொல்லவில்லை.

ராத்திரி அவன் தூங்கிய பிறகு
அந்தக் கடிதத்தை விளக்கடியில் சாய்த்துப் பிடித்தேன்.
சாய்ந்த வெளிச்சத்துக்கு எதுவும் தப்பாது; தொழில் அது.
நாலாம் பக்கம், பொடி எழுத்து:
மனைவியின் படிப்பு இங்கே செல்லாது,
முதலிலிருந்து இரண்டு வருடம்.
எனக்கு நாற்பத்தொன்பது.
அந்த வரியின் அடியில் பென்சில் கோடு இருந்திருக்கிறது.
அழித்திருக்கிறான்.
தாளில் பள்ளம் மட்டும் மிச்சம்,
மடிப்பில் இரண்டு ரப்பர் துகள்கள்.

திரியெஸ்தேயில் ஒரு கண்ணாடிக் கடைக்காரர்
"பெஞ்சு ஒன்று காலியாக இருக்கிறது" என்றார் என்பதை
அவன் தாளில் எங்கும் காணோம்.
என் கண்ணில் படாமல் அழித்தானா,
தன் கண்ணில் படாமலா?
படுக்கையில் அவன் முதுகை வெகுநேரம் பார்த்திருந்தேன்.
முதுகில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

காலையில் கடை திறக்கும் முன்
அவனை உள்ளே உட்கார வைத்தேன்.
எழுத்துப் பலகையின் மேல்
அந்த நாலாம் பக்கத்தைக் குத்தினேன்.
சட்டத்தை அவன் காதுகளில் மாட்டும்போது
விரல் நடுங்கியது. என் விரல்தான்.

"கீழ் வரியைப் படி."
"தெரியலை."
தெரிந்தது. கழுத்து நரம்பு சொன்னது.

க்ளிக்.
"ஒன்று?"
க்ளிக்.
"இரண்டா?"

வெளியே ஷட்டரைத் தட்டினார் யமாந்தூ,
ஒன்பது மணிக்கு அவர் முறை.
அனீபல் நாற்காலிக் கையை இறுகப் பிடித்தபடி இருந்தான்.
அப்புறம்,
எல்லாரும் கேட்பதைப் போலவே கேட்டான்:

"முதல்ல காட்டினதை
இன்னொரு தடவை காட்டு."